புரோகிராம் நிற்கும்போது லைப்ரரியைப் பத்திரமாக மூடுவது எப்படி? எடைமேடையில் 11 லாரிக் கணக்கு போய்விட்டது

நீடாமங்கலம்_எடைமேடை
இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் உள்ள ஒரு அரிசி ஆலையில் ஓடும் எடைமேடை புரோகிராம் நான் எழுதியது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று. அதில் யுஎஸ்பி சீரியல் கேபிள் வழியாக எடை காட்டும் இண்டிகேட்டர். மேடை முனையில் சிவப்பு, பச்சை விளக்குகளை மாற்ற ஒரு ரிலே (மின் சுவிட்ச்) போர்டு. எல்லாம் சி மொழியில். பக்கத்தில் இன்னும் இரண்டு ஆலைக்காரர்கள் கேட்டதால், எடை படிக்கும் பகுதியைத் தனி லைப்ரரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

லைப்ரரியைத் தொடங்கும் ஃபங்ஷன் ஐந்து வேலை செய்யும். சீரியல் போர்ட்டைத் திறக்கும், படிப்பதற்கு ஒரு த்ரெட்டை (கூடவே தனியாக ஓடும் கிளையை) கிளப்பும், அன்றைய தேதியில் பதிவுக் கோப்பைத் திறக்கும், இரண்டு முறை ஓடாமல் இருக்க ஒரு லாக் கோப்பை உருவாக்கும், விளக்கைப் பச்சைக்கு மாற்றும். மூடும் ஃபங்ஷனும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஆபரேட்டர் வெளியேறும் பட்டனை அழுத்தினால்தான் அது கூப்பிடப்படும்.

தை மாதம், சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்த ஒரு நாள். சாயங்காலம் ஆபரேட்டர் பையன் புரோகிராமை மூடாமல் நேரே கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் பார்த்தால், 65 லாரி வந்த இடத்தில் கோப்பில் 54 வரிதான் முழுசாக இருந்தது. 55வது வரி பாதியில் நின்றது. ஊர்ப் பெயர் 'திருத்துறைப்பூ' வரைக்கும் வந்து அதற்கப்புறம் ஒரு கட்டம். கோப்பின் அளவு 8192 பைட்.

எடைச் சீட்டு டிரைவர்கள் கையில் இருந்ததால் பிழைத்தோம். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கணக்கைத் திருப்பி எழுதினேன். ஒருவர் அதற்குள் முத்துப்பேட்டை போய்விட்டார், சீட்டு லாரி இருக்கைக்கு அடியில் கிடந்தது. அறுத்து, அடித்து, காயவைத்துக் கொண்டுவந்த நெல்லின் எடை என் புரோகிராமில் காணாமல் போனதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உடனே இரண்டு மாற்றம் செய்தேன். புரோகிராம் முடியும்போது தானாக ஓட வேண்டியதைப் பதிந்து வைக்கும் அட்எக்சிட்டில், லைப்ரரி தொடங்கும்போதே மூடும் ஃபங்ஷனைப் பதிவு செய்தேன். ஷட் டவுன் செய்யும்போது 'முடித்துக்கொள்' என்று வரும் சிக்டெர்ம் சிக்னலுக்கு ஒரு ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எழுதி, அதற்குள் புரோகிராமை முடிக்கும் எக்சிட்டைக் கூப்பிட்டேன். மூன்று நாள் நன்றாக ஓடியது. அப்புறம் புதுத் தொல்லை:

நிறுத்தச் சொன்னால் சில சமயம் அப்படியே தொங்குகிறது. சரியாக 90 விநாடி கழித்து, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி அடித்துக் கொல்கிறது. அப்படிக் கொன்ற நாளில் லாக் கோப்பு கிடந்துவிடுகிறது. காலையில் தொடங்கினால் 'ஏற்கெனவே ஓடுகிறது' என்கிறது. போன வாரம் நான் போய்ச் சேருவதற்குள் லாரி வரிசை ரயில்வே கேட் வரை நின்றது. இரண்டு முறை வெளியேறும் நேரத்தில் செக்மெண்டேஷன் ஃபால்ட்டும் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டு விழுவது) வந்தது.

இது போதாதென்று, மெமரிக் கசிவைத் தேடும் வால்கிரைண்டில் பார்த்தால், திருப்பிக் கொடுக்காத மெமரி 'ஸ்டில் ரீச்சபிள்' என்று 41 கேபி காட்டுகிறது. அதையும் துரத்த வேண்டுமா? முக்கியமாக, மூடும் வேலை யாருடையது? லைப்ரரி தானே பார்த்துக்கொள்ள வேண்டுமா, அதைப் பயன்படுத்தும் புரோகிராம் பார்க்க வேண்டுமா?


பாபநாசம்_பம்புசெட்
இரவு 11.55

வணக்கம் தங்கச்சி. நான் பம்புசெட் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதுகிறவன். இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 8192. அது இரண்டு 4096. ஃப்ரிண்ட்எஃப் எழுதுவது உடனே கோப்புக்குப் போவதில்லை. உங்கள் புரோகிராமின் மெமரியிலேயே ஒரு பஃபரில் சேரும், பஃபர் நிறைந்தால்தான் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) போகும். அந்தப் பஃபர் அங்கே 4096 பைட். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது, அதனால் உங்கள் ஒரு வரி ஏறக்குறைய 150 பைட் வரும். 54 வரியும் ஒரு பாதியும் போனது அதனால்தான். அந்தக் கட்டம், ஒரு எழுத்தின் 3 பைட்டுக்கு நடுவே வெட்டு விழுந்த இடம். மீதி 11 லாரியும் பஃபரில் இருந்தது. சிக்டெர்முக்கு நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் கெர்னல் புரோகிராமை அந்த இடத்திலேயே முடித்துவிடும். அட்எக்சிட் ஓடாது, பஃபரும் கொட்டப்படாது.

இப்போது தொங்குவதற்குக் காரணம். சிக்னல் எந்த வரியில் வேண்டுமானாலும் வந்து குறுக்கே நிற்கும். உங்கள் மெயின் த்ரெட் லைப்ரரியின் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டை) பூட்டிக்கொண்டு ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த நொடியில் சிக்டெர்ம் வருகிறது. ஹேண்ட்லர் எக்சிட்டைக் கூப்பிடுகிறது, எக்சிட் உங்கள் மூடும் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, அது அதே மியூடெக்ஸைப் பூட்டப் பார்க்கிறது. பூட்டியவரும் அதே த்ரெட், காத்திருப்பவரும் அதே த்ரெட். விடிந்தாலும் திறக்காது. மெமரி கேட்டு வாங்கும் மாலக்கின் உள்பூட்டும் இப்படித்தான், அதைத் திருப்பித் தரும் ஃப்ரீயைக் கூப்பிட்டாலே மாட்டிக்கொள்ளலாம். 90 விநாடி என்பது சிஸ்டம்டி இயல்பாகக் கொடுக்கும் தவணை. அது முடிந்தால் 'சிக்கில்' என்ற கொல்லும் சிக்னலை அனுப்பும், அதைத் தடுக்க யாராலும் முடியாது.

சிக்னல் ஹேண்ட்லருக்குள் எக்சிட், ஃப்ரிண்ட்எஃப், மாலக், ஃப்ரீ, மியூடெக்ஸ் எதுவும் கூடாது. ஒரு கொடியை ஏற்றி வைக்கலாம், அல்லது ஒரு பைப்பில் ரைட் மூலம் ஒரு பைட் போடலாம். அவ்வளவுதான்.

செக்மெண்டேஷன் ஃபால்ட் வேறு கதை. எக்சிட் ஓடும்போது மற்ற த்ரெட்கள் தாமாக நிற்காது. உங்கள் மூடும் ஃபங்ஷன் பஃபரை ஃப்ரீ செய்துகொண்டிருக்கும், படிக்கும் த்ரெட் இன்னும் இண்டிகேட்டரிலிருந்து வரும் எடையை அதே பஃபரில் கொட்டிக்கொண்டிருக்கும்.

உங்கள் பக்கத்தில்தானே மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாற்றில் தண்ணீர் முழுசாக வந்துகொண்டிருக்கும்போது தலைப்பு ஷட்டரை இறக்காமல் கீழே கடைமடைப் பக்கம் ஷட்டரை இறக்கினால் என்ன ஆகும்? நடுவில் எங்கோ கரை உடையும். தலைப்பை முதலில் இறக்க வேண்டும், வாய்க்காலில் இருக்கிற தண்ணீர் ஓடி வடிய விட வேண்டும், அப்புறம்தான் கீழ் ஷட்டர். இங்கேயும் அதுதான்:

முதலில் படிக்கும் த்ரெட்டிடம் நில் என்று சொல்லி, ஜாயின் போட்டு, அது உண்மையாகவே முடிந்துவிட்டது என்று உறுதியாகும் வரை காத்திருங்கள். அடுத்து, வந்து சேர்ந்த எடைகளை முழுசாக எழுதி முடியுங்கள். அப்புறம் கோப்பு, போர்ட், விளக்கு. கடைசியில்தான் மெமரி. ஏறக்குறையத் தொடங்கிய வரிசைக்கு எதிர் வரிசை. அட்எக்சிட்டும் பதிந்ததற்குத் தலைகீழாகத்தான் ஓடும், சி தரநிலை குறைந்தது 32 ஃபங்ஷன்களுக்கு இடம் தருகிறது.

த்ரெட் 'நில்' என்பதைக் கேட்காமல், எடை வரும்வரை ரீட் ஃபங்ஷனில் உட்கார்ந்திருக்கும் என்பீர்கள். நேராக ரீட் போடாமல், பல இடங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் 'போல்' ஃபங்ஷனைப் போடுங்கள். சீரியல் போர்ட் ஒன்று, நிறுத்துவதற்கான பைப் ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கவனித்தால் உடனே எழுந்துவிடும்.

யார் வேலை என்று கேட்டீர்கள். என் உறுதியான கருத்து: லைப்ரரி ஒரு மூடும் ஃபங்ஷனைத் தர வேண்டும், அதைக் கூப்பிடுவது மெயினின் கடமை. லைப்ரரி தானாக சிக்னல் ஹேண்ட்லர் போடவே கூடாது. நாளை மற்ற ஆலைக்காரர் தம் பில்லிங் புரோகிராமில் உங்கள் லைப்ரரியைச் சேர்ப்பார், அவருக்கென்று ஒரு சிக்டெர்ம் ஹேண்ட்லர் இருக்கும். அதை நீங்கள் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் அவர் கணக்கு போகும்.


திருவாரூர்_லினக்ஸ்
மறுநாள் காலை 6.20

மேலே சொன்னது அத்தனையும் சரி. மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

லாக் கோப்பு 'இருக்கிறதா இல்லையா' என்று பார்க்காதீர்கள். கோப்பைத் திறந்து அதற்கு எஃப்லாக் என்ற பூட்டைப் போடுங்கள். புரோகிராம் எப்படிச் செத்தாலும், சிக்கிலே வந்தாலும், அந்தப் பூட்டைக் கெர்னல் விடுவித்துவிடும். கோப்பு கிடந்தால் கிடக்கட்டும், பூட்டு இருக்காது. ரயில்வே கேட் வரை வரிசை நிற்காது.

எஃப்ஃப்ளஷ் செய்தால் கெர்னல் வரைதான் போகும். எஸ்டி கார்டுக்குப் போய்ச் சேர எஃப்சிங்க் வேண்டும். நம் பக்கம் கரண்ட் போகிறதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆகவே ஒவ்வொரு லாரிக்கும் இரண்டையும் செய்யுங்கள். ஒரு நாளைக்கு 65 முறை என்பது ஒன்றுமே இல்லை. எடையைச் சீட்டில் அச்சடிக்கும் முன்னால் செய்யுங்கள்.

உரைக் கோப்பைவிட எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் நல்லது. அதை மூடுவதற்கும் வரிசை உண்டு. தயார் செய்து வைத்த ஸ்டேட்மெண்ட்களை (கட்டளைகளை) ஃபைனலைஸ் செய்யாமல் குளோஸ் கூப்பிட்டால் 'பிசி' என்று பதில் சொல்லிவிட்டு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். அந்தப் பதிலைப் பார்க்காமல் விடுகிறவர்கள் நிறைய.


அய்யம்பேட்டை_சி
காலை 9.05

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. முடியப்போகிற புரோகிராமில் ஏன் இவ்வளவு ஃப்ரீ? புரோகிராம் முடிந்ததும் கெர்னல் அதன் மெமரி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, திறந்த கோப்புகளையும் சாக்கெட்டுகளையும் மூடிவிடுகிறது. இடிக்கப் போகிற வீட்டைக் கூட்டிப் பெருக்குவானேன்? எழுத வேண்டியதை எழுதிவிட்டு, முன்னால் அடிக்கோடு உள்ள எக்சிட்டைக் கூப்பிட்டு வெளியேறுங்கள். அது அட்எக்சிட்டையும் ஓட்டாது, எந்தத் தொங்கலும் இருக்காது.

41 கேபி 'ஸ்டில் ரீச்சபிள்' பற்றிக் கவலையே படாதீர்கள். அதைச் சுட்டும் பாயிண்டர் கடைசி வரை இருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். 'டெஃபினிட்லி லாஸ்ட்' என்று வந்தால் மட்டும் தேடுங்கள், அதுவும் ஓடும் நேரத்தில் ஏறிக்கொண்டே போனால்.


பாபநாசம்_பம்புசெட்
காலை 11.30

அய்யம்பேட்டை சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். மெமரிக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர் சொல்வது மெயின் எழுதுகிறவருக்குப் பொருந்தும், லைப்ரரி எழுதுகிறவருக்குப் பொருந்தாது. உங்கள் லைப்ரரியை மூடுவதும் புரோகிராம் முடிவதும் ஒன்று என்று யார் சொன்னது? இண்டிகேட்டர் கேபிளைப் பிடுங்கி மாட்டினால் லைப்ரரியை மூடித் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். ஒரு நாளில் இருபது முறை அப்படி நடந்தால் இருபது முறையும் மெமரி மிச்சம் நிற்கும். ஆகவே லைப்ரரி தான் எடுத்ததை முழுசாகத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அதைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது மெயின் எடுக்கிற முடிவு.

பெரிய லைப்ரரிகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். இணையத்தில் தரவு அனுப்பிப் பெறும் கர்ல் லைப்ரரியில் ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் (திறந்த ஒன்றைச் சுட்டும் அடையாளத்துக்கும்) தனி கிளீனப், எல்லாம் முடிந்ததும் குளோபல் கிளீனப் ஒன்று. அதைக் கூப்பிடுவது நம் பொறுப்பு. குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் 2016இல் வந்த 1.1.0 முதல் தானே அட்எக்சிட்டில் பதிந்து சுத்தம் செய்துகொள்கிறது, ஆனால் வேண்டாம் என்றால் நிறுத்தவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 லைப்ரரியின் கிளீனப் பற்றி அதன் ஆவணமே எச்சரிக்கிறது: அதே புரோகிராமில் வேறொரு லைப்ரரியும் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம், நீங்கள் மூடினால் அதற்கும் சேர்த்து மூடிவிடுவீர்கள் என்று.

இந்தக் கடைசி ஆபத்து உங்களுக்கும் உண்டு. உங்கள் லைப்ரரி எல்லாவற்றையும் குளோபல் வேரியபிளில் வைத்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். இரண்டு மேடை உள்ள ஆலையில் ஒன்றை மூடினால் மற்றதும் சாகும். தொடங்கும் ஃபங்ஷன் ஒரு ஹேண்டில் தரட்டும், மூடும் ஃபங்ஷன் அந்த ஹேண்டிலை மட்டும் மூடட்டும். இரண்டு முறை கூப்பிட்டாலும், பாதியில் தொடங்கி நின்ற ஹேண்டிலைக் கொடுத்தாலும் விழக்கூடாது. போர்ட் திறந்து, த்ரெட் கிளம்பாமல் போகும் நாள் வரும்.

அப்புறம், கெர்னல் எடுத்துக்கொள்ளாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ரிலே. புரோகிராம் செத்தாலும் ரிலே கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குறுவைப் பட்டத்தில் என் கட்டுப்பாட்டுப் புரோகிராம் நள்ளிரவில் விழுந்தது, மோட்டார் ரிலே போட்டபடியே நின்றது. விடியும் வரை தண்ணீர் ஓடி, பக்கத்து வயல்காரருடைய நாற்றங்காலில் பாய்ந்து முளை விதை அத்தனையும் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. மறுபடி விதை வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அவருக்குப் பத்து நாள் போனது போனதுதான். அன்றிலிருந்து மெமரி கணக்கைவிட, புரோகிராமுக்கு வெளியே நான் என்ன விட்டுவிட்டுப் போகிறேன் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.


நீடாமங்கலம்_எடைமேடை
இரவு 9.15

அண்ணா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஷட்டர் வரிசையைப் படித்ததும் என் தப்பு என்ன என்று கண்முன்னே தெரிந்துவிட்டது. நான் செய்துகொண்டிருந்தது கடைமடையில் இறக்குகிற வேலைதான்.

ஊகம் சரி, எல்லாமே குளோபலில்தான் இருந்தது. இன்று முழுக்க உட்கார்ந்து ஹேண்டிலுக்கு மாற்றினேன். எஃப்லாக் பத்து நிமிட வேலை. ஒவ்வொரு லாரிக்கும் எஃப்ஃப்ளஷ், எஃப்சிங்க், அப்புறம்தான் சீட்டு. எஸ்க்யூலைட்டுக்கு அறுப்பு முடிந்து மாசிக் கடைசியில் மாறுகிறேன், லாரி வரும் நாளில் அவ்வளவு பெரிய மாற்றம் செய்யப் பயமாக இருக்கிறது.

மெயின் பக்கம் ஒரு சந்தேகம். என் மெயின் கீபோர்டுக்காகக் காத்திருக்கிறது. சிக்டெர்மை அதோடு எப்படிச் சேர்ப்பது? அந்த விளக்குக்கும் வழி சொல்லுங்கள். சிக்கில் வந்தால் மூடும் ஃபங்ஷன் ஓடவே ஓடாதே.


திருவாரூர்_லினக்ஸ்
இரவு 9.50

லினக்ஸ் மட்டும்தான் என்றால், சிக்னலைக் கோப்பைப் படிப்பதுபோலப் படிக்க விடும் சிக்னல்எஃப்டி போதும். த்ரெட் எதையும் கிளப்பும் முன்பே மெயினில் சிக்டெர்மையும் சிக்இண்ட்டையும் (கண்ட்ரோல்-சி அழுத்தினால் வரும் சிக்னல்) தடுத்து வைத்துவிடுங்கள். பிறகு பிறக்கும் த்ரெட்கள் அந்தத் தடையோடுதான் பிறக்கும். சிக்னல்எஃப்டி தரும் எண்ணையும் கீபோர்டையும் ஒரே 'போல்' ஃபங்ஷனில் கவனியுங்கள். சிக்னல் வந்ததும் சாதாரணமாக ஒரு ரீட், வளையத்தை விட்டு வெளியே வந்து மூடும் ஃபங்ஷன், மெயினிலிருந்து ரிட்டர்ன். ஹேண்ட்லரே கிடையாது என்பதால் அதற்குள் எதைக் கூப்பிடலாம் என்ற கவலையும் இல்லை.

விளக்குக்கு: சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் எக்செக்ஸ்டாப்போஸ்ட் என்று ஒரு வரி உண்டு. சர்வீஸ் ஒழுங்காக நின்றாலும், விழுந்தாலும், அடித்துக் கொல்லப்பட்டாலும் அதற்கப்புறம் அதில் உள்ள கட்டளை ஓடும். ரிலேயை அணைப்பதற்கென்று பத்து வரியில் தனிப் புரோகிராம் எழுதி அங்கே போடுங்கள். கம்ப்யூட்டரே தொங்கிப் போனால் அதுவும் உதவாது. ஆகவே ரிலே இழுக்காத நிலையில் சிவப்பு எரியும்படி வயரிங்கை மாற்றுங்கள். மேடை உயிரோடு இருக்கும்போது மட்டும் பச்சை.


நீடாமங்கலம்_எடைமேடை
இரண்டு நாள் கழித்து, இரவு 11.10

முடித்துவிட்டேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து விளக்கின் வயரை மாற்றிக் கொடுத்தார், சிவப்பு இப்போது ரிலே இல்லாமலே எரிகிறது.

வீட்டில் இன்னொரு ராஸ்பெரி பை வைத்து, பொய் எடை அனுப்பும் சின்னப் புரோகிராம் ஒன்றை இண்டிகேட்டருக்குப் பதிலாக மாட்டினேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நொடியில் சிக்டெர்ம் அனுப்பி, கோப்பில் எத்தனை வரி, சீட்டு எத்தனை என்று எண்ணும்படி ஸ்கிரிப்ட் எழுதி 500 முறை ஓட்டினேன். எங்கும் தொங்கவில்லை. வரியும் சீட்டும் 500 முறையும் ஒத்துப்போயின. சிக்கில் வைத்து இன்னொரு 500. அதில் நான்கு முறை கோப்பில் ஒரு வரி அதிகம், சீட்டு இல்லை. எஃப்சிங்க் முடிந்து சீட்டு அச்சாகும் முன் செத்த இடம் அது. அந்த வரிக்குச் சீட்டு அச்சானதா என்று ஒரு குறி வைத்து, அடுத்த முறை தொடங்கும்போது ஆபரேட்டரிடம் கேட்கும்படி செய்துவிட்டேன். சீட்டு இருந்து வரி இல்லாதது ஒருமுறைகூட வரவில்லை.

வால்கிரைண்டில் 41 கேபியில் 38 கேபி நான் மறந்த எடை பஃபர்தான், மூடும் ஃபங்ஷன் சரியானதும் அது தானாகப் போய்விட்டது. மீதி 3 கேபியை விட்டுவிட்டேன்.

நாளை காலை 6 மணிக்கு வடுவூர்ப் பக்கத்திலிருந்து முதல் லோடு வருகிறது. சாயங்காலம் ஆபரேட்டர் பையனிடம், வேண்டுமென்றே புரோகிராமை மூடாமல் ஷட் டவுன் செய்யச் சொல்லியிருக்கிறேன். நானும் பக்கத்தில் நிற்பேன்.